ரத்த தானம்: கேட்டவர்களுக்குப் பதில்

பதினெட்டு வருடமாக எங்கள் ஊரில் ரத்த தான முகாம் நடத்துகிறேன். நான் மருத்துவன் இல்லை; மருந்து, மாத்திரை பற்றிக் கேட்டால் ரத்த வங்கி மருத்துவரிடம்தான் அனுப்புவேன்.

தேனி மாணவி: என் எடை 47 கிலோ. கொடுக்கலாமா?

தாராளமாக. 45 கிலோ இருந்தால் போதும், 350 மில்லி எடுப்பார்கள். ஆனால் ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். பெண்கள் பலரைத் திருப்பி அனுப்புவது இதில்தான். வெறும் வயிற்றோடு மட்டும் வந்துவிடாதீர்கள்.

கரூர் வாசகர்: எத்தனை மாதத்துக்கு ஒரு முறை?

ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம்.

சேலம் வாசகர்: பச்சை குத்தியிருக்கிறேன்.

குத்தி ஒரு வருடம் ஆகட்டும்.

கோவை வாசகர்: என்னை 'ஓ' என்றார்கள். இப்போது 'பாம்பே' வகை என்கிறார்கள். அது என்ன?

1952இல் மும்பையில் முதன்முதலாகக் கண்டுபிடித்த வகை. மேலோட்டமான சோதனையில் 'ஓ' போலவே தெரியும். ஆனால் உங்களுக்கு 'ஓ' ரத்தம் ஏற்றினால் ஆபத்து. இதே வகைக்காரர்தான் தர வேண்டும். அரிய வகைப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு, அழைக்கும்போது போங்கள். முகாமில் சும்மா கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள்.

திருப்பூர் வாசகர்: வாட்ஸ்அப்பில் வரும் 'அவசரம், ரத்தம் தேவை' செய்திகளைப் பகிரலாமா?

தேதி இல்லாத செய்தியைப் பகிராதீர்கள். அப்படி வந்த ஒரு எண்ணுக்கு நானே அழைத்தேன். "குழந்தை நல்லா இருக்கு சார், ரெண்டாங்கிளாஸ் படிக்குது. அந்த மெசேஜை யாராவது நிறுத்துங்க, ராத்திரியெல்லாம் போன் வருது" என்றார் அப்பா. தேதி, மருத்துவமனை, வகை, எத்தனை யூனிட் என நான்கும் இருக்க வேண்டும். கிடைத்ததும் 'கிடைத்துவிட்டது' என்று போடுவது இன்னும் முக்கியம்.

மதுரை வாசகர்: தலைவர் பிறந்தநாளுக்கு 500 பேரைத் திரட்டுகிறோம். வாழ்த்துங்கள்!

வாழ்த்தமாட்டேன். ரத்தத்திலிருந்து பிரிக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்து நாள்தான் தாங்கும். சிவப்பணுக்கள் பைக்குள் இருக்கும் கரைசலைப் பொறுத்து 35 நாள், மிஞ்சினால் 42. ஒரே நாளில் 500 பேர் கொடுத்தால் அத்தனையையும் அதற்குள் எங்கே செலவழிப்பது? அப்புறம் அந்த 500 பேரும் மூன்று மாதம் கொடுக்க முடியாது. வாரம் 40 பேராகப் பிரியுங்கள்.

மதுரை வாசகர் மீண்டும்: நல்லது செய்பவர்களைக் குறை சொல்வதே உங்களுக்கு வேலையா?

குறையில்லை, கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடியதும் முகாம்களே இருக்காது. தலைவர் பேரில் அப்போது வையுங்கள், நானே வந்து நாற்காலி போடுகிறேன்.

திண்டுக்கல் வாசகர்: அந்த மதுரைக்காரர்கள் ரத்தம் கொடுப்பவர்களுக்கு ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் தருகிறார்கள். அதனால்தான் கூட்டம் வருகிறது. அதில் என்ன தப்பு?

ரத்தத்தைக் காசுக்கு விற்பதை நிறுத்தச் சொல்லி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 முதல் அது தடை. காரணம் இதுதான்: பரிசுக்காக வருபவர் தன் நோயை மறைப்பார். தொற்று புதிதாக இருந்தால் சோதனையிலும் தப்பிவிடும். ஹாட்பாக்ஸும் கூலிதான். டீ, பிஸ்கட், சான்றிதழ், போதும்.

மதுரை வாசகர்: அப்போ சான்றிதழும் கூலியா?

அதை விற்று அரிசி வாங்க முடிந்தால், ஆம்.

நாமக்கல் வாசகர்: இலவசமாகக் கொடுத்த ரத்தத்துக்கு ஏன் பணம் கேட்கிறார்கள்?

பை, பிரிப்பு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய் (சிபிலிஸ்), மலேரியா சோதனைகள் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அந்தக் கட்டணம்தான். ரசீது கேட்டு வாங்குங்கள்.

ஈரோடு வாசகர்: எத்தனை மாத இடைவெளி?

கரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விழுப்புரம் வாசகர்: தேதி இல்லாத ஒரு செய்தி வந்திருக்கிறது, பகிரவா?

ஐயா!

நெல்லை வாசகர்: எனக்கு ஊசி என்றாலே மயக்கம். வேறு ஏதாவது செய்ய முடியுமா?

உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். என் பட்டியலில் பலர் எண்ணை மாற்றிவிட்டார்கள், சிலர் துபாயில் இருக்கிறார்கள். நடுராத்திரியில் ஒருவர் ரத்தத்துக்குத் தவிக்கும்போது பத்து எண்களை அழைத்தால் இரண்டுதான் எடுக்கப்படுகின்றன. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவராக அழைத்து, கடைசியாக எப்போது கொடுத்தார் என்று கேட்டு எழுதித் தர முடியுமா? 'ஏ' வகையிலிருந்து ஆரம்பிக்கலாம்.