அழுதால் கிடைக்குமா? வலுவூட்டல் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பரிசு, தண்டனை, பழக்கம் இவற்றைச் சுற்றியே இருந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை என்று தேர்வில் எழுதினேன். மதிப்பெண் தரவில்லை. இரண்டும் ஒன்றுதானே?

மதிப்பெண் தந்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். வலுவூட்டல் என்ற சொல் வந்துவிட்டாலே அந்தச் செயல் கூடுகிறது என்று பொருள். நேர், எதிர் என்பவை இங்கே நல்லது, கெட்டது அல்ல. வெறும் கூட்டல், கழித்தல். ஏதோ ஒன்று வந்து சேர்வதால் செயல் பெருகினால் நேர்மறை. ஏதோ ஒரு தொல்லை விலகுவதால் பெருகினால் எதிர்மறை. சீட் பெல்ட் போடும்வரை கார் கூவிக்கொண்டே இருக்கிறது, போட்டதும் ஓசை நிற்கிறது, அடுத்த முறை ஏறியதுமே கை பெல்ட்டுக்குப் போகிறது. அதுதான் எதிர்மறை வலுவூட்டல். தண்டனையோ செயலைக் குறைப்பது.

ஆசிரியராகப் போகிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் திட்டத் திட்ட ஒரு மாணவனின் சேட்டை கூடினால், அந்தத் திட்டுக்குப் பெயர் தண்டனை அல்ல, வலுவூட்டி. நீங்கள் என்ன நினைத்துத் திட்டினீர்கள் என்பது கணக்கில் வராது. சேட்டை ஏறியதா இறங்கியதா என்பது மட்டுமே கணக்கு. அதே நேரத்தில் உங்களுக்கும் ஒன்று நடக்கிறது. திட்டியதும் வகுப்பு ஒரு நிமிடம் அடங்குகிறது, இரைச்சல் விலகுகிறது. நாளை நீங்கள் இன்னும் சீக்கிரம் திட்டுவீர்கள். எதிர்மறை வலுவூட்டலுக்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப்புத்தகத்தில் கிடைக்காது.

கேள்வி: மூன்று வயது மகன் கைபேசி கேட்டு அழுவான். கண்டுகொள்ளாதே, தானாக நிற்கும் என்றார்கள். நான்கு நாள் பொறுத்தேன், அழுகை முன்னைவிடக் கூடிவிட்டது. ஐந்தாம் நாள் கொடுத்துவிட்டேன். எங்கே தவறு?

நான்காம் நாள் வரை தவறு இல்லை. ஐந்தாம் நாளில்தான்.

இருட்டு அறைக்குள் போய் சுவிட்சைப் போடுகிறீர்கள், விளக்கு எரியவில்லை. உடனே திரும்பிவிடுவீர்களா? மேலும் கீழும் நாலு தடவை தட்டுவீர்கள், ஐந்தாவது தடவை கொஞ்சம் ஓங்கியே தட்டுவீர்கள். அப்புறம்தான் விடுவீர்கள். வழக்கமாகப் பலன் தந்த செயல் திடீரென்று பலன் தராமல் போனால், பல நேரங்களில் அது முதலில் கூடும், முரட்டுத்தனமாகும், பிறகே குறையும். ஆய்வகத்தில் நெம்புகோலை அமுக்கி உணவு உருண்டை பெறும் எலியும் அப்படித்தான். உருண்டை விழாவிட்டால் வேகவேகமாக அமுக்கும். சில எலிகள் நெம்புகோலையே கடிக்கும். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் இதன் வளைகோட்டை முதலில் பார்த்ததே ஒரு தற்செயலால்தான். உருண்டை போடும் கருவி அவர் இல்லாத நேரத்தில் சிக்கிக்கொண்டது. எலி பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருக்க, பதிவுக்கருவி அதை அப்படியே காகிதத்தில் இழுத்து வைத்திருந்தது.

ஆக, நான்காம் நாள் அழுகை கூடியது தோல்வியின் அடையாளம் அல்ல, முறை வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம். ஐந்தாம் நாள் கொடுத்தபோது அவன் கற்றுக்கொண்டது என்ன? இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும் என்பது. எப்போதாவது மட்டும் பலன் தரும் செயல், எப்போதும் பலன் தரும் செயலைவிட மெதுவாகத்தான் மறையும். லாயிட் ஹம்ஃப்ரீஸ் என்ற உளவியலாளர் 1939-இல் மனிதர்களின் கண் இமைத்தலை வைத்தே இதைக் காட்டினார். ஸ்கின்னர் இந்தப் பக்கம் வந்த கதை வேடிக்கையானது. உருண்டைகளை அவரே ஒரு மாத்திரைக் கருவியில் உருட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை பிற்பகல் இருப்பைப் பார்த்தார். மாலை முழுக்க உட்கார்ந்து உருட்டாவிட்டால் திங்கள் காலை பத்தரைக்குத் தீர்ந்துவிடும் என்று கணக்கு சொன்னது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் எதற்கு, நிமிடத்துக்கு ஒன்று போதுமே என்று முடிவு செய்தார். எலிகள் அசரவில்லை, அமுக்கிக்கொண்டேயிருந்தன. சிக்கனத்தில் பிறந்த கண்டுபிடிப்பு.

உங்களுக்கு என் யோசனை: கடைசி வரை தாங்க முடியாது என்று தெரிந்தால் கண்டுகொள்ளாமல் இருக்கும் முறையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். முதல் சிணுங்கலிலேயே கொடுத்துவிடுவதுகூடப் பரவாயில்லை. ஐந்து நாள் கழித்துக் கொடுப்பது அதைவிட மோசம். தொடங்கினால், அழாமல் வாயால் கேட்கும்போது கிடைக்க ஒரு வழியும் வையுங்கள். பழைய வழியை அடைத்துவிட்டுப் புதிய வழி காட்டாவிட்டால் பிள்ளை எங்கே போவான்? வீட்டில் எல்லோரும் ஒரே முடிவில் இருக்க வேண்டும். ஒருவர் மறுக்க இன்னொருவர் கொடுத்தால் அதுவும் "எப்போதாவது" கணக்கில்தான் சேரும். நின்றுபோன அழுகை ஒரு வாரம் கழித்துத் திடீரென்று தலைகாட்டலாம். அது இயல்பு, பயப்பட வேண்டாம். வலி, பசி, பயத்தால் வரும் அழுகைக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. அதற்கு ஓடித்தான் போக வேண்டும்.

கேள்வி: பாவ்லோவின் நாய்க்கு மணி அடித்ததும் எச்சில் ஊறியது உண்மையா?

உண்மைதான். உணவுக்கு முன் ஒரு குறிப்பைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், பிறகு அந்தக் குறிப்புக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டியவர் ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ். ஆனால் மணி அங்கே கதாநாயகன் அல்ல. மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவி, மின்சார ஒலிப்பான், வெளிச்சம், தோலில் தொடுதல் என்று பலவற்றைப் பயன்படுத்தினார். இன்னொரு வேடிக்கை: 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காக, இதற்காக அல்ல.

கேள்வி: மகள் விரும்பிப் படிக்கிறாள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பரிசு என்று அறிவிக்கலாமா?

விரும்பிப் படிக்கிறாள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் வேண்டாம்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஏற்கெனவே வரைவதில் ஆர்வம் காட்டிய குழந்தைகளாகப் பார்த்து எடுத்தார்கள், மொத்தம் 51 பேர். வரைந்தால் சான்றிதழ் என்று சிலரிடம் முன்பே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைத் தந்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, அவர்கள் வரைந்த அதே பேனாக்களை மேசையில் போட்டுவிட்டு யாரும் ஒன்றும் சொல்லாமல் கவனித்தார்கள். முன்பே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை.

அதனால் பரிசே கூடாது என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அதுவும் தவறு. டெசி, கோஸ்ட்னர், ரயன் 1999-இல் 128 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாராட்டு ஆர்வத்தைக் கூட்டியது. முன்கூட்டியே பேசிவைத்த பொருள் பரிசுதான் குறைத்தது. அதுவும் பிடித்த வேலையில்தான், பிடிக்காத வேலையில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. எனவே வாய்ப்பாடு மனப்பாடம் பண்ண வைக்க வேண்டுமா, பரிசு வையுங்கள். கதைப்புத்தகத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: டோபமைன்தான் இன்பத்தைத் தரும் ரசாயனமாமே?

அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நரம்பியலாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களில் பதிவு செய்தபோது தெரிந்தது வேறு. தொடக்கத்தில் வாயில் பழச்சாறு விழும்போது அவை துடித்தன. ஒரு விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின், விளக்குக்குத் துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்த நொடியில் வழக்கமான துடிப்பும் குறைந்தது. இன்பத்தின் அளவு என்றால் சாறு வந்தபோதெல்லாம் துடித்திருக்க வேண்டுமே! அவை சொல்வது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. ரெஸ்கார்லாவும் வாக்னரும் 1972-இலேயே, மூளையைத் திறக்காமல், விலங்குகளின் நடத்தையை மட்டும் வைத்து எழுதிய சமன்பாடு கிட்டத்தட்ட இதையே சொன்னது: எதிர்பாராதது நடந்தால்தான் கற்றல் நடக்கும்.

கேள்வி: 21 நாளில் பழக்கம் படியுமா?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஃபிலிப்பா லாலி குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை. 21-ஐ மறந்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாத் தேர்வுக்கும் ஒரே பேனாதான் கொண்டுபோவேன். படித்தவள்தான், இருந்தும் விட முடியவில்லை. ஏன்?

நல்ல துணை இருக்கிறது உங்களுக்கு. 1948-இல் ஸ்கின்னர் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தானியம் வரும்படி வைத்தார். எட்டில் ஆறு புறாக்கள் ஏதோ ஒரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று இடஞ்சுழியாகச் சுற்றியது, ஒன்று மூலையில் தலையை முட்டியது. தானியம் வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்தது வலுப்பெற்றுவிட்டது என்றார் அவர். 1971-இல் ஸ்டாடனும் சிம்மல்ஹாகும் திரும்பச் செய்து பார்த்து, உணவுக்குக் காத்திருக்கும் எந்தப் புறாவும் செய்யும் இயல்பான அசைவுகளே அதில் அதிகம் என்று மறுத்தார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு.

ஆனாலும் ஸ்கின்னர் சொன்னதை என்னால் முழுதாகத் தள்ள முடியாததற்குக் காரணம், மாணவனாக இருந்தபோது நான் பழக்கிய ஓர் எலி. அது நெம்புகோலை அமுக்கியதும் உருண்டை போடும் பொத்தானை நான்தான் அழுத்த வேண்டும். முதல் நாள் என் கை தாமதம். எலி அமுக்கிவிட்டுத் திரும்பி, பின்காலில் எழுந்து மூலையை முகரும்போதுதான் உருண்டை விழுந்தது. சில முறை இப்படி. அடுத்த நாள் என் கை சரியாகிவிட்டது, எலி சரியாகவில்லை. அமுக்கும், உருண்டை விழுந்துவிட்ட சத்தம் கேட்கும், அப்படியும் திரும்பிப் போய் எழுந்து நின்று மூலையை ஒரு முறை முகர்ந்துவிட்டுத்தான் தின்ன வரும்.