தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 1952இல் 19 இடங்களில் வென்றும் இரண்டே ஆண்டுகளில் மறைந்தது ஏன்? பதவிக்கு விலைபோனதுதானே காரணம்?

கேள்வியிலேயே தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருந்தால், "1954இல் காங்கிரசில் இணைந்தது" என்ற ஒற்றை வரியைத் தாண்டி உங்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது. விழுப்புரம் பக்கத்தில் அந்தக் கட்சிக்காக ஊர் ஊராக நடந்து வாக்குக் கேட்டவர் என் தாத்தா என்பதால், "விலைபோனது" என்ற சொல் என்னை உறுத்துகிறது.

வட மாவட்டங்களில் பெருந்தொகையாக வாழும் வன்னியர்களுக்குக் காங்கிரசில் உரிய இடமில்லை என்ற குறையிலிருந்து இரண்டு கட்சிகள் பிறந்தன. தென்னார்க்காடு, சேலம் பகுதிகளில் எஸ். எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியும், வடார்க்காடு, செங்கல்பட்டுப் பகுதிகளில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியும் தனித்தனியே 1952 தேர்தலைச் சந்தித்து, முறையே 19, 6 இடங்களில் வென்றன. 375 பேர் கொண்ட சென்னை சட்டமன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே என்பதால், அந்த 25 பேரின் கை அன்று எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ராஜாஜி அதை நன்றாகவே கணக்கிட்டார். மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார், படையாட்சியார் வெளியே இருந்தார். இருவரும் ஒரே அணியாக நின்று பேரம் பேசியிருந்தால் வரலாறு வேறாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

தாத்தா சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருந்தது. சீட்டில் எந்தக் குறியும் இடாமல், விரும்பிய பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிடும் எழுத்தறியாத குடியானவர்களிடம் எந்தச் சின்னத்துப் பெட்டி என்று திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் பதியவைப்பதே அவருடைய வேலை. ஆனால் அவரிடம் உறுப்பினர் அட்டையும் இல்லை, அவருடைய ஊரில் கிளையும் இல்லை. நாட்டாமை சொன்னார், இவர் போனார். சமூகப் பெரியவர்களின் வாக்கிலேயே உயிர்வாழ்ந்த கட்சி, அவர்கள் திசை மாறியதும் கீழே தாங்கிப்பிடிக்க ஆளில்லாமல் போயிற்று. பதவி ஆசையைவிட இதையே நான் முதற் காரணமாகக் கருதுகிறேன்.

1954 ஏப்ரலில் காமராசர் அமைத்த அமைச்சரவையில் அவரையும் சேர்த்து எட்டே பேர். அவர்களில் இருவர் படையாட்சியாரும் மாணிக்கவேலு நாயக்கரும். இடமில்லை என்று வெளியேறியவர்களுக்கு எட்டில் இரண்டு கிடைத்தபோது, தனிக் கட்சி நடத்துவதற்கு அவர்களிடம் வேறு கொள்கைக் காரணம் மிஞ்சியிருக்கவில்லை. நான் எந்தக் கட்சியிலும் இல்லை, யாருக்கும் வக்காலத்து வாங்கவும் வரவில்லை. 1952இல் போட்டியிடாத திராவிட முன்னேற்றக் கழகத்திடம், சட்டமன்றத்தில் அதன் கொள்கைகளுக்குக் குரல்கொடுப்போம் என்று உறுதிமொழி தந்து அதன் ஆதரவைப் பெற்றவர்கள், பின்னர் காங்கிரசிலேயே கரைந்தது அந்தக் கழகத்தாருக்குக் கசந்திருக்கும் என்பதை மறுக்கவும் மாட்டேன். அதற்காக, வென்றவர் அனைவரையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. ஏ. கோவிந்தசாமி காங்கிரசுக்குப் போகாமல் தி.மு.க. பக்கம் வந்து, 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் வேளாண்மை அமைச்சரானார். உதயசூரியன் சின்னமே அவர் வழியாகத்தான் கழகத்துக்கு வந்தது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள். தாத்தாவும் அவர் பின்னால்தான் போனார்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கூட்டத்தில் பேசிய ஒருவர், தம் தலைவருக்கு முன்பு இந்த மக்களுக்காக அரசியலில் வாய் திறந்தவர் எவருமில்லை என்று முழங்கினார். கீழே இருந்தவர்களும் கை தட்டினார்கள். 1952இல் நாடாளுமன்றத்துக்கும் உழைப்பாளர் கட்சி நான்கு பேரையும் காமன்வீல் மூன்று பேரையும் அனுப்பியிருந்தன என்பதை அந்த மேடையில் யாரும் சொல்லவில்லை.