தமாக்சிஃபென் ஏன் உள்ளே அமரவில்லை?

கேள்வி: நாகர்கோவிலில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். மருந்துவாழ்மலை மூலிகை ஒன்றின் சேர்மங்களை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பிணையும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஆல்ஃபா ஏற்பியில் டாக்கிங் செய்வது, அதாவது கணினியில் பொருத்திப் பார்ப்பது, என் புராஜெக்ட். ஒப்பீட்டுக்காக அந்த ஏற்பியின் 1இஆர்இ (1ERE) என்ற படிகக் கட்டமைப்பில் முதலில் முயன்றபோது எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சரியாக அமர்ந்தது. மார்பகப் புற்றுநோய் மருந்தான தமாக்சிஃபெனின் செயல்வடிவம், 4-ஹைட்ராக்ஸி தமாக்சிஃபென், அமரவே இல்லை. மென்பொருளில் கோளாறா?

பதில்: மென்பொருளில் கோளாறு இல்லை, நீங்கள் எடுத்த கட்டமைப்பு தமாக்சிஃபெனுக்கு உரியதன்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி போன்ற அணுக்கரு ஏற்பிகளில் ஹார்மோன் பிணையும் பகுதி, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆல்ஃபா சுருள்கள் மூன்று அடுக்காக அடுக்கப்பட்ட அமைப்பு. நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் சூழ்ந்த குழி அதனுள் புதைந்திருக்கிறது. 1997இல் வெளியான 1இஆர்இயில் எஸ்ட்ராடையால் முழுவதும் உள்ளே அடங்கிவிடுவதால், பன்னிரண்டாம் சுருள் அதன்மேல் மூடியாகச் சாத்திக்கொள்கிறது.

நம் ஊர் ஓலைப்பெட்டியில் மட்டிப்பழச் சீப்பை வைத்தால் மூடி சாத்தும். நீண்ட தண்டோடு குலையை வைத்தால் சாத்தாது. தமாக்சிஃபெனின் அமீன் பக்கச் சங்கிலிதான் அந்தத் தண்டு. அது புரதச் சங்கிலியின் 351ஆம் இடத்திலுள்ள ஆஸ்பார்டிக் அமிலத்தை நோக்கி வெளியே நீள்வதால், இடம்பெயர்ந்த பன்னிரண்டாம் சுருள், ஏற்பியைச் செயல்பட வைக்கும் இணைதூண்டிப் புரதம் வந்து ஒட்ட வேண்டிய பள்ளத்தில் தானே படுத்துவிடுகிறது. மார்பகத் திசுவில் இம்மருந்து ஈஸ்ட்ரோஜனைத் தடுப்பது இப்படித்தான். வழக்கமான டாக்கிங் புரதத்தை அசையாப் பொருளாகக் கொள்வதால், சாத்திய மூடியை அது திறந்து தராது.

ஆகவே தமாக்சிஃபென் போன்ற தடுப்பான்களுக்கு, 4-ஹைட்ராக்ஸி தமாக்சிஃபெனோடு சேர்ந்த ஏற்பியின் கட்டமைப்பாக 1998இல் வெளியான, 1.9 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துல்லியம் கொண்ட 3இஆர்டியை (3ERT) எடுங்கள். எல்லா நீர் மூலக்கூறுகளையும் கண்ணை மூடிக்கொண்டு அழிப்பது மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம்; குளுட்டமிக் அமிலம் 353, ஆர்ஜினின் 394 ஆகியவற்றோடு மருந்தின் ஹைட்ராக்சில் தொகுதியைப் பிணைக்கும் ஒரு நீர் மூலக்கூறை மட்டுமாவது விட்டுவையுங்கள். பிறகு, படிகத்தில் இருந்த அதே மருந்தை எடுத்துவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள். பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்து அமர்ந்தால்தான் மூலிகைச் சேர்மங்களுக்குப் போகலாம்.

டாக்கிங் மென்பொருள் தரும் மதிப்பெண் நன்றாக வந்துவிட்டது என்பதற்காக ஒரு சேர்மத்தைத் தடுப்பான் என்று எழுதிவிடாதீர்கள். சோயாவின் ஜெனிஸ்டீனுக்கு நீண்ட பக்கச் சங்கிலியே கிடையாது. ஆயினும் ஈஸ்ட்ரோஜன் பீட்டா ஏற்பியோடு அது சேர்ந்த படிகத்தில் பன்னிரண்டாம் சுருள் முழுமையாக மூடியிருக்கவில்லை, ஜெனிஸ்டீன் அங்கே ஓரளவு தூண்டியாகவும் செயல்படுகிறது.