டேஷ்போர்டு மங்கிவிட்டது, கதவுக் கைப்பிடி பிசுபிசுக்கிறது. எதைக் கொண்டு துடைப்பது, பளபளக்க என்ன போடுவது?

பளபளப்பு ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். அதனால் நான் பட்டதைச் சொல்லிவிட்டு அப்புறம் துடைக்கிற கதைக்கு வருகிறேன்.

எனக்கு ஊர் செங்கோட்டை. மாதம் நான்கைந்து தடவை மலை தாண்டிப் புனலூர் போய் வருவேன், சுமார் 50 கிலோமீட்டர். ஒரு நாள் வாட்டர் வாஷுக்கு விட்ட இடத்தில் டேஷ்போர்டில் எதையோ பீய்ச்சித் தேய்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஷோரூம் வண்டி மாதிரி ஆக்கிட்டேன் பாருங்க" என்றான் அந்தப் பையன். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அது எவ்வளவு நிஜம் என்பது சாயங்காலம் புளியரை எஸ் வளைவில் ஏறும்போது தெரிந்தது. எதிர்வெயில் டேஷ்போர்டில் பட்டுத் தெறித்து, முன்கண்ணாடி முழுக்க வெள்ளை வேட்டியை விரித்த மாதிரி ஆகிவிட்டது. மேலிருந்து இறங்கிய லாரியை நான் பார்க்கவில்லை, ஹாரனைக் கேட்டுத்தான் ஒதுங்கினேன். ஆரியங்காவில் நிறுத்தி ஈரத் துண்டால் அழுத்தித் தேய்த்தேன். துண்டு வழுக்கியதே தவிர மினுமினுப்பு போகவில்லை.

இப்படி மினுக்குகிற பாலிஷ்களில் பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய் இருக்கும். அது மேலேயே படலமாக நிற்கும். ஆடிக் காற்றில் பறக்கிற புழுதியெல்லாம் வந்து அதன்மேல் உட்காரும். சூட்டில் கொஞ்சம் ஆவியாகி முன்கண்ணாடியின் உட்புறத்திலும் படியும். இரவில் எதிர்வண்டி விளக்கு பட்டதும் கண்ணாடி புகைமூட்டமாகத் தெரிகிறதா? பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

புனலூரில் ஒரு நண்பர், "எதற்குக் காசு செலவு, தேங்காய் எண்ணெய் போடு" என்றார். அவருக்கு எல்லா வியாதிக்கும் அதுதான் மருந்து. போட்டேன். இரண்டு நாள் கறுகறுவென்று அழகாக இருந்தது. இரண்டாவது வாரம் கதவைத் திறந்தால் காறல் வாடை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். பிசுபிசுப்பில் இரண்டு வகை உண்டு. கை வியர்வை, எண்ணெய், பழைய பாலிஷ் சேர்ந்து ஒட்டுவது ஒன்று. அது சோப்புத் தண்ணீரில் போய்விடும். மற்றது, தொட்டால் ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கட்டும் என்று கம்பெனியிலேயே பூசுகிற மேல்பூச்சு, வருடக்கணக்கான ஈரத்திலும் சூட்டிலும் சிதைந்து கூழாவது. துடைக்கத் துடைக்கத் துணியில் கறுப்பாக வந்துகொண்டே இருந்தால் இது இரண்டாவது வகை. சோப்பு இதற்கு உதவாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து அந்தப் பூச்சையே முழுவதும் எடுத்துவிட வேண்டியதுதான். முதலில் கண்ணில் படாத மூலையில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள்.

மற்றபடி வேலை எளிது. அரை லிட்டர் தண்ணீரில் நாலைந்து சொட்டு பேபி ஷாம்பு. மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்து, சொட்டுகூட விழாதபடி முறுக்கிப் பிழிந்து துடையுங்கள். பிளாஸ்டிக்கில் உள்ள மணல் மணலான வேலைப்பாட்டில் அழுக்கு இறங்கியிருந்தால் பழைய மெல்லிய டூத் பிரஷ். ஏசி துவாரத்துக்குப் பெயின்ட் அடிக்கிற சின்ன பிரஷ்ஷைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணி, கடைசியில் உலர்ந்த துணி. சுவிட்சுகள் பக்கம் எதையும் நேராக ஸ்ப்ரே செய்யாதீர்கள். மீட்டருக்கு மேலே இருக்கும் கண்ணாடி, கண்ணாடியே அல்ல, அதுவும் பிளாஸ்டிக்தான். தூசியோடு தேய்த்தால் கீறல் விழும், ஆல்கஹாலோ அம்மோனியா கலந்த கிளீனரோ பட்டால் நுண்வெடிப்பு விடலாம். அங்கே ஈரத் துணி போதும்.

எங்கள் பக்கம் சாரல் காலத்தில் இன்னொரு தொல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால் ஸ்டீயரிங்கில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும். அதனால் துடைத்த அன்று கதவுகளைத் திறந்துபோட்டு நன்றாகக் காயவிடுங்கள்.

பாதுகாப்புக்கு எதாவது போட்டே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் அடிப்படையிலான, மேட் ஃபினிஷ், யூவி பாதுகாப்பு என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். துணியில் ஊற்றி மெல்லிசாகத் தடவி, சில நிமிடம் கழித்து மிச்சத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். ஸ்டீயரிங், பெடல் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், வழுக்கும். ஏற்கனவே வெளுத்துப்போன நிறம் இதனால் திரும்பாது. அதற்குத் தனிச் சாயம் இருக்கிறது, நான் போட்டுப் பார்த்ததில்லை.

நிழல்தான் இதைவிடப் பெரிய பாதுகாப்பு. அமெரிக்காவில் அரிசோனாவில் வெயிலில் ஒரு மணி நேரம் கார்களை நிறுத்தி அளந்தார்கள், 2018-ல் வெளிவந்த ஆய்வு அது. டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ். நிழலில் நின்ற கார்களில் 48 டிகிரி. மரமில்லாத இடத்தில் முன்கண்ணாடிக்கு உள்ளே வைக்கிற வெள்ளி நிறத் தட்டி வைத்துக்கொள்ளுங்கள். கதவுப் பிளாஸ்டிக்குக்கு அது உதவாது. முன்கண்ணாடி இரண்டு அடுக்கு, நடுவில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அவ்வளவு தடுக்காது. ஒரே பக்கமாக வெயில் படும்படி தினமும் நிறுத்தினால் அந்தப் பக்கக் கதவு முந்திக்கொண்டு வெளுக்கும்.

கேட்காத ஒன்று. எங்கள் ஊர் வழியாகச் சபரிமலைக்குப் போகிற வண்டிகளில் பாதிக்கு மேல் டேஷ்போர்டில் ஐயப்பன் ஒட்டியிருக்கும். இடது பக்கம் ஏர்பேக் எழுத்து இருக்கும் பலகையில் மட்டும் ஒட்டாதீர்கள், பை வெடித்து விரியும்போது சாமி முகத்துக்குத்தான் வருவார். ஒட்டியதை எடுக்கும்போது பசை மிஞ்சினால் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து விரலால் உருட்டி எடுங்கள். உடனே சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள். புனலூர் நண்பரின் மருந்துக்கு என் காரில் நான் கண்டுபிடித்த ஒரே வேலை இதுதான்.