ஒரு பெரிய கல்லும் கதகதப்பான ஒரு கையும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1992-இல் வந்த 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' கார்ட்டூனை இப்போதுதான் முழுக்கப் பார்த்து முடித்தேன். அதில் வில்லன்கள் பேசுவது இன்னும் காதிலேயே இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த வில்லன் வசனம் எது? ஜோக்கர் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது.
– மதுரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஜோக்கர் இல்லை. என் ஓட்டு மிஸ்டர் ஃப்ரீஸுக்கு. 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்ற எபிசோட், 1992 செப்டம்பர் 7-இல் ஒளிபரப்பானது, அதாவது தொடர் ஆரம்பித்து இரண்டே நாளில். எழுதியவர் பால் டினி, இயக்கியவர் புரூஸ் டிம்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விக்டர் என்றொரு விஞ்ஞானி, தீராத நோயில் கிடக்கும் மனைவி நோராவை, மருந்து கிடைக்கும் வரை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறான். அவன் வேலை செய்யும் கம்பெனியின் முதலாளி ஃபெரிஸ் பாயில், என் பணத்தில் இதெல்லாம் நடக்காது என்று ஆட்களோடு வந்து கருவியை நிறுத்தச் சொல்கிறான். கெஞ்சும் விக்டரை எட்டி உதைக்கிறான். விக்டர் ரசாயனங்களுக்கு மேல் போய் விழ, அன்றிலிருந்து பூஜ்யத்துக்குக் கீழான குளிரில்தான் உயிர் தரிக்க முடியும் என்ற நிலை, அதற்காகவே ஒரு கவச உடை, கண்ணாடிக் கூண்டுக்குள் தலை, அவன்தான் மிஸ்டர் ஃப்ரீஸ். மனைவி போய்விட்டாள். பாயிலுக்கோ மனிதநேய விருது கொடுக்க விழா எடுக்கிறார்கள், அவனுடைய கம்பெனியின் விளம்பர வாசகமே 'மக்களின் நிறுவனம்' என்பதுதான்.

இப்போது காட்சிக்கு வருவோம். பேட்மேன் ஃப்ரீஸிடம் மாட்டிக்கொண்டிருக்கிறான். உன் மனைவிக்கு நடந்ததைப் பார்த்தேன், வருத்தமாக இருக்கிறது என்கிறான். அதற்கு ஃப்ரீஸ், நான் உணர்ச்சிகளைத் தாண்டியவன், அவை எனக்குள் உறைந்து செத்துவிட்டன என்கிறான், ஏதோ பஸ் நேரம் அறிவிக்கிற குரலில். பழிவாங்க அந்தக் கட்டடத்தில் இருக்கிற எல்லாரையும் கொல்லணுமா என்று பேட்மேன் கேட்கிறான். அங்கேதான் அந்த வரி வருகிறது: யோசித்துப் பார், பேட்மேன், இனி ஒருநாளும் கோடைகாலத்துப் பகலில், முகத்தில் அனல்காற்று பட, கதகதப்பான ஒரு கையைப் பிடித்தபடி நடக்கவே முடியாது என்றால்... ஆமாம், அதற்காகக் கொலை செய்வேன்.

உணர்ச்சியே செத்துவிட்டது என்று சொன்ன வாய் அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை, கவனித்தீர்களா? அந்த வரியில் மிரட்டல் கிடையாது, உலகத்தை ஆளப்போகிறேன் கிடையாது, சிரிப்பு கிடையாது. அவன் கேட்பது ஒரு நடை, அதுவும் நாமெல்லாம் தினமும் நடந்துவிட்டு மறந்துபோகிற நடை. என் கணக்கில் வில்லன் வசனம் நிற்பதும் விழுவதும் இங்கேதான், எதிரில் இருப்பவனைப் பயமுறுத்தப் பேசுவது அடுத்த வாரம் மறந்துவிடும், தன்னிடம் இல்லாததைப் பற்றி வாய்தவறிச் சொல்லிவிடுவது மறக்காது.

கேள்வி: போன வருஷம் இந்த வசனத்தை நண்பன் சொல்லிக் காட்டியபோது சிரித்துவிட்டேன். அனல்காற்றுக்கு ஏங்குகிறானாமே, அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊருக்கு வரச் சொல்லுங்கள், ஒரே மத்தியானத்தில் திருந்திவிடுவான்!
– வேலூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். இதைத் தமிழில் கொண்டுவருவதில் இருக்கிற சிக்கலே இதுதான். நமக்குக் குளிர்ச்சி என்றால் நல்லது. கண் குளிரப் பார்த்தேன், மனம் குளிர்ந்தது, வயிறு குளிரச் சாப்பிட்டான். இரக்கம் இருக்கிறவனுக்கு ஈர நெஞ்சம். 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்ற தலைப்பைக் 'குளிர்ந்த நெஞ்சம்' என்று மாற்றினால் அது ஏதோ தாத்தா பேரனைக் கொஞ்சும் கதை மாதிரி ஆகிவிடும். 'கல் நெஞ்சம்' என்று போட்டால் அர்த்தம் சரி, ஆனால் பனி போயிற்று.

கடைசி வரி இன்னும் மோசம். ஆங்கிலத்தில், ஒரு காபிக்காகக் கொலைகூடச் செய்வேன் என்று விளையாட்டாகச் சொல்வது சாதாரணப் பேச்சு. ஃப்ரீஸ் அந்தச் சாதாரணப் பேச்சைத்தான் எடுத்து, சொல்லுக்குச் சொல் நிஜமாகச் சொல்கிறான், அதனால்தான் முதுகு சில்லிடுகிறது. நாமோ பிடித்த பொருளுக்காக உயிரைக் கொடுப்பேன் என்போம், உயிரை எடுப்பேன் என்று சொல்ல மாட்டோம். நான் நாலைந்து விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று நழுவுகிறது. 'அனல்காற்று' என்பதை 'வெயில்காற்று' என்று மாற்றிக்கொண்டால் உங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் மன்னிப்பார்களா?

கேள்வி: அர்னால்ட் நடித்த படத்திலும் இதே ஃப்ரீஸ்தானே? அங்கேயும் மனைவி நோரா இருக்கிறாள். ஏன் அது மனசில் ஒட்டவில்லை?
– சேலத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: 1997-இல் வந்த 'பேட்மேன் & ராபின்', இயக்கம் ஜோயல் ஷூமாக்கர். நீங்கள் சொல்வது சரி, அதே மனைவி, அதே நோய், அதே உறைநிலைத் தொட்டி. ஆனால் அர்னால்ட் வாயைத் திறந்தால் பனிக்கட்டி ஜோக்குதான். டைனோசர்களைக் கொன்றது எது, பனியுகம்! இப்படியே படம் முழுக்க. மனைவியை இழந்துகொண்டிருக்கிறவன் ஒரு ஜோக் அடிக்கலாம், பத்து அடித்தால் அவனுக்கே அந்தத் துக்கத்தில் நம்பிக்கை இல்லை என்றுதான் நமக்குத் தோன்றும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காமிக்ஸில் 1959-இல் 'மிஸ்டர் ஸீரோ' என்ற பெயரில் வந்தபோது இவனுக்கு மனைவியும் கிடையாது, சோகமும் கிடையாது, பனித் துப்பாக்கி வைத்திருக்கும் சாதாரணத் திருடன். ஃப்ரீஸ் என்ற பெயர் அறுபதுகளின் டிவி தொடரில் வந்தது. நோராவைக் கொண்டுவந்தது இந்தக் கார்ட்டூன்தான், அப்புறம் காமிக்ஸும் அந்தக் கதையை எடுத்துக்கொண்டது.

நியாயமாக இன்னொன்றும் சொல்லவேண்டும். 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' தொடக்கத்திலேயே ஒரு தேய்ந்த வரி இருக்கிறது. ஃப்ரீஸ் ஒரு கண்ணாடி உருண்டையைக் கையில் வைத்திருக்கிறான், குலுக்கினால் உள்ளே பனி கொட்டும், நடுவில் ஒரு குட்டி நடனப்பெண். அதைப் பார்த்து மனைவியிடம் பேசுவதுபோல் பேசுகிறான், உன்னை எப்போதும் இப்படித்தான் நினைத்துக்கொள்வேன், சுற்றிலும் பனிக்காலம், மாறாத இளமை, மாறாத அழகு என்று. அருமையாகப் போய்க்கொண்டிருக்கும்போது, பழி என்பது ஆறவைத்துப் பரிமாறவேண்டிய உணவு என்ற பழைய ஆங்கிலப் பழமொழியில் கொண்டுபோய் முடித்துவிட்டார்கள். பனி மனிதன், ஆறின உணவு, புரிகிறது, ஆனால் வேண்டாம் என்றிருந்தது. பால் டினிக்கும் சறுக்கும்.

கேள்வி: ஜோக்கரை ஒதுக்கினால் சண்டைக்கு வருவேன்.
– புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வராதீர்கள், உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். 'தி மேன் ஹூ கில்ட் பேட்மேன்'. சிட் என்ற சோப்ளாங்கி அடியாள் ஒருவன், கைதவறி பேட்மேனைக் கொன்றுவிட்டதாக ஊரெல்லாம் நம்புகிறது. ஜோக்கர் நம்பவில்லை. நகைக்கடையில் புகுந்து, பேட்மேன் வருவான் வருவான் என்று காத்திருக்கிறான். வரவில்லை. பேட்மேன் இல்லாமல் குற்றத்தில் என்ன ஜோக் இருக்கிறது என்று அப்படியே தொய்ந்துபோகிறான்.

அடுத்தது இறுதிச் சடங்கு. ஒரு ரசாயனத் தொழிற்சாலையில், பேட்மேனின் முகமூடியையும் மேலங்கியையும் வைத்து ஜோக்கர் இரங்கல் உரை வாசிக்கிறான். உண்மையிலேயே துக்கம், உண்மையிலேயே கோபம், என் எதிரியை இந்த ஒன்றுக்கும் ஆகாதவனா கொல்வது என்று குரல் ஏறிக்கொண்டே போகிறது. சிட்டைச் சவப்பெட்டிக்குள் அடைத்து அமிலத் தொட்டியை நோக்கி அனுப்புகிறார்கள். ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின், கசூ என்கிற அந்தக் குட்டி ஊதுகுழலில் தேவாலயப் பாட்டு ஒன்றை ஊதுகிறாள். பெட்டி மூழ்குகிறது. ஒரு நிமிஷம் அமைதி. ஜோக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ம், நல்லாத்தான் இருந்துச்சு. சரி, சைனீஸ் சாப்பிட யார் யார் வர்றீங்க?"

என்னைக் கேட்டால் அந்தச் சைனீஸ்தான் முழு ஜோக்கர். அழுதது பொய் இல்லை, சிரிப்பதும் பொய் இல்லை, நடுவில் இருக்கவேண்டிய பாலம்தான் அவனிடம் இல்லை. (சிட் பிழைத்துக்கொள்கிறான், கவலை வேண்டாம். மத்தியானம் பிள்ளைகள் பார்க்கிற நேரத்தில் ஃபாக்ஸ் சேனலில் வந்த தொடர் இது, ரத்தத்தையும் சாவையும் வெளிப்படையாகக் காட்ட வழியில்லை, அந்தப் பாரத்தையும் வசனம்தான் சுமக்கவேண்டியிருந்தது.)

கேள்வி: அந்த ஜோக்கர் குரல் 'ஸ்டார் வார்ஸ்' லூக் ஸ்கைவாக்கர் என்கிறார்களே, உண்மையா?
– கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உண்மை. மார்க் ஹாமில். முதலில் டிம் கரியைத்தான் போட்டிருந்தார்கள், பிறகு மாற்றினார்கள். இன்னொரு செய்தி: மேலே சொன்ன முதலாளி பாயிலின் குரலும் ஹாமில்தான். அடுத்த முறை பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரோமனோ நடிகர்களை ஒன்றாக உட்காரவைத்தே பதிவு செய்தார், தனித்தனியாக வந்து பேசிவிட்டுப் போகிற வழக்கம் அங்கே இல்லை. ஒருவர் பேச்சில் இன்னொருவர் விழுகிற வேகம் அதனால்தான் அப்படி இருக்கிறது.

கேள்வி: உங்களை அதிகம் சிரிக்க வைத்த வில்லன் வசனம்?
– நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி

பதில்: யோசிக்கவே வேண்டாம். 'ஆல்மோஸ்ட் காட் இம்'. ஜோக்கர், பென்குயின், டூ-ஃபேஸ், பாய்சன் ஐவி, கில்லர் கிராக் என்று ஐந்து பேர் சீட்டாடிக்கொண்டே, பேட்மேனைக் கொல்ல நான் எவ்வளவு கிட்டத்தில் வந்தேன் தெரியுமா என்று ஆளுக்கு ஒரு கதை விடுகிறார்கள். ஒருவன் ராட்சத நாணயத்தில் பேட்மேனைக் கட்டிச் சுண்டிவிட்டிருக்கிறான், இன்னொருவன் கொலைகாரப் பறவைகளை ஏவியிருக்கிறான். முதலைத் தோல்காரன் கிராக் முறை வருகிறது. ஒரு கல்குவாரியில் பதுங்கியிருந்தேன், பேட்மேன் வந்தான், கிட்டே வந்தான், இன்னும் கிட்டே வந்தான்... எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, "ஒரு கல்லை எடுத்து எறிஞ்சேன்!"

நிசப்தம். எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள். கிராக் சீட்டைப் பார்த்தபடி, குரல் இறங்கி, "பெரிய கல்லுதான்."

அந்த இரண்டாவது வரி இல்லாவிட்டால் முதல் வரிக்கு மதிப்பே இல்லை. கல்யாண வீட்டில் எல்லாரும் தங்கள் பிள்ளை சம்பளத்தைச் சொன்னபிறகு, நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு குரல் வருமே, அதே குரல். பிறகு தெரிகிறது, அங்கே உட்கார்ந்திருப்பது கிராக்கே இல்லை, வேஷம் போட்ட பேட்மேன். அதாவது தன்னை எப்படிக் கொல்லப் பார்த்தார்கள் என்று அவனே கதைகட்டவேண்டி வந்தபோது, அவனுக்குத் தோன்றியது ஒரு கல். இரண்டாம் முறை பார்க்கும்போது இன்னும் அதிகம் சிரித்தேன்.

கேள்வி: சொந்தமாக ஒரு காமிக்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வில்லன் பக்கம் பக்கமாகப் பேசுகிறான், படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

பதில்: 'ஜோக்கர்ஸ் ஃபேவர்' பாருங்கள், ஹார்லி முதன்முதலாக வருகிற எபிசோட். சார்லி காலின்ஸ் என்று ஒரு சாமானியன், ஆபீஸில் பட்ட எரிச்சலில், ரோட்டில் குறுக்கே வந்த காரைப் பார்த்துத் திட்டிவிடுகிறான். திரும்பிப் பார்த்தால் ஜோக்கர். உயிர்ப்பிச்சை கேட்கிறான், சரி, எனக்கு நீ ஒரு உதவி கடன்பட்டிருக்கிறாய் என்று விட்டுவிடுகிறான் ஜோக்கர். சார்லி ஊரை மாற்றி, பெயரை மாற்றி வாழ்கிறான். 2 வருஷம் கழித்து போன் வருகிறது. என்ன உதவி தெரியுமா? ஒரு கதவைத் திறந்துவிடவேண்டும். அவ்வளவுதான்!

கடைசியில் ஒரு சந்தில் சார்லி கையில் வெடிகுண்டு, எதிரில் ஜோக்கர். இப்போது பேசுவது சார்லி: பேட்மேனோடு பெரிய மோதல் எல்லாம் கிடையாது உனக்கு, நாளைக்குப் பேப்பரில், ஜோக்கர் என்பவன் ஒரு பெயர் தெரியாத ஆளோடு சந்தில் வெடித்துச் செத்தான் என்று மட்டும் வரும், பார், ஒருத்தனுடைய கனவை என்னாலும் உடைக்க முடியும். ஜோக்கர் பேட்மேனைக் கூப்பிட்டுக் கதறுகிறான். குண்டு போலி என்பது வேறு விஷயம்.

அந்த எபிசோடின் மிகக் கொடூரமான வசனம் ஒரு நல்லவன் வாயில் வருகிறது, காரணம் அவனுக்கு எதிராளி எதற்குப் பயப்படுவான் என்று தெரிந்துவிட்டது. சாவுக்கு இல்லை, செய்தியில் சின்னதாக வருவதற்கு. உங்கள் வில்லனுக்கு உங்கள் நாயகன் எதற்குப் பயப்படுவான் என்று தெரியுமா? தெரிந்தால் நாலு பக்கம் எதற்கு, அவனே ஒரு வரியில் முடித்துக்கொள்வான். முதலில் அந்தப் பக்கங்களில் 'முட்டாளே' என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டு அனுப்புங்கள், படிக்கிறேன்.

கேள்வி: இந்த வயதில் கார்ட்டூன் பார்க்கிறீர்களே, வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: சொல்வார்கள். இந்தப் பதில்களுக்காகப் போன வாரம் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. காபி கொண்டுவந்த என் மனைவி, கடைசிக் காட்சியில், சிறையறையில் ஃப்ரீஸ் அந்தக் கண்ணாடி உருண்டையிடம் மன்னிப்புக் கேட்கும்போது வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "அந்தப் பொண்ணு பிழைச்சுதா?" என்றார். இல்லை என்றேன். "அந்த முதலாளிய என்ன பண்ணாங்க?"

பேட்மேன் வந்து அவன் குட்டு வெளிப்படும் வீடியோவை நிருபரிடம் கொடுத்துவிட்டு, பனியில் உறைந்து நிற்கிற அவனைப் பார்த்து, குட் நைட், மனிதநேயரே என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான் என்றேன்.

"பத்தாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.