பல் மருத்துவம் படித்த மகளுக்கு கம்ப்யூட்டர் மாடலிங் எதற்கு?

கிளினிக் வைக்க வேண்டிய மகள் கம்ப்யூட்டர் முன் உட்காரப் பார்க்கிறாளே என்று கவலைப்படுகிறீர்கள். அவள் எடுத்திருக்கும் ஆய்வுத் தலைப்பையே பார்ப்போம். எதிரே பல் இல்லாமல் கீழிறங்கிவிட்ட மேல் கடைவாய்ப்பல்லை மினிஸ்க்ரூ (தாடை எலும்பில் தற்காலிகமாகப் பொருத்தும் சிறு திருகு) வைத்து எலும்புக்குள் மேலேற்ற வேண்டும். கன்னப் பக்கம் மட்டும் இழுத்தால் பல் ஏறுவதைவிட அந்தப் பக்கம் சாயும். அண்ணப் பக்கமும் ஒரு ஸ்க்ரூ தேவையா, அண்ணத்தின் குறுக்கே ஒரு கம்பி போதுமா? ஒரே நோயாளியின் வாயில் இரண்டையும் சோதிக்க முடியாது. பல்லையும் எலும்பையும் சிறு துண்டுகளாகப் பிரித்து விசையின் விளைவைக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் என்ற கம்ப்யூட்டர் மாடலில் முடியும்.

சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனிலிருந்து பல்லையும் எலும்பையும் பிரித்தெடுப்பது, மெஷ் போடுவது (சிறு துண்டுகளின் வலையாக மாற்றுவது), விசை கொடுப்பது எல்லாம் சில மாதங்களில் கைவரும். இலவசமாகக் கிடைக்கும் 3டி ஸ்லைசர், ஃபெபயோ ஆகிய மென்பொருள்களே தொடங்கப் போதும். சறுக்குவது வேறு இடத்தில். வேரைச் சுற்றிய சவ்வு சுமார் 0.2 மி.மீ. தடிமன்தான், ஸ்கேனில் தெளிவாகத் தெரியாது. வேரின் பரப்பை வெளிப்பக்கம் தள்ளித்தான் அதை உருவாக்குவார்கள். அதன் விறைப்பு 0.7 மெகாபாஸ்கலை ஒட்டி, புறணி எலும்புக்கோ (எலும்பின் கெட்டியான வெளிப்பகுதி) சுமார் 13,700 மெகாபாஸ்கல். மற்றதெல்லாம் மெகாபாஸ்கலில் இருக்க, இதை மட்டும் 13.7 என்று கிகாபாஸ்கல் கணக்கில் போட்டுவிட்டால் மென்பொருள் பிழை சொல்லாது. வண்ணப்படம் அழகாகவே வரும்! மெஷ்ஷின் துண்டு நான்கு முனை டெட்ராவாக (நான்முகியாக) இருந்தால் சவ்வு செயற்கையாக இறுகிவிடும், பத்து முனை டெட்ரா தேவை. ஸ்க்ரூ மரையின் கூர்முனையில் மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் அந்த எண்ணை நம்பக்கூடாது. வெளியிலிருந்து மொத்தம் 1.5 நியூட்டன் விசை கொடுத்தால், மாடலில் அசையாமல் பிடித்துவைத்த பரப்பிலும் எதிர்விசை 1.5 வர வேண்டும். முதலில் இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வகை மாடல் காட்டுவது பெரும்பாலும் முதல் கணத்து அசைவை மட்டுமே. அடுத்த மாதங்களில் எலும்பு கரைந்து மீண்டும் வளர்வதும் வேர் தேய்வதும் அதில் வராது. அதை எடைபோட மருத்துவம் தெரிந்தவர் வேண்டும். பொறியாளர் மட்டும் இருக்கும் குழுவில் உங்கள் மகளுக்கு இடம் கிடைப்பது இதனால்தான்.

அலைனர் (பல்லை நேராக்கும் கழற்றக்கூடிய உறை) தயாரிப்பு, இம்ப்ளான்ட் வடிவமைப்பு, சிகிச்சைத் திட்ட மென்பொருள், பல்கலைக்கழக ஆய்வு ஆகியவற்றில் வேலை உண்டு. கிளினிக்கைவிடக் குறைவான இடங்கள்தான், மறைக்கவில்லை. மருத்துவக் கருவிகளின் மாடலை எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பிட 2018-இல் வெளியான, ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் வி அண்ட் வி 40 தரநிலையை அவள் படித்திருந்தால் நேர்காணலில் தனித்துத் தெரிவாள்.

மேற்படிப்புக்குச் சேருமுன் இரண்டு கேளுங்கள்: இயந்திரவியல் துறையிலிருந்து இணை வழிகாட்டி உண்டா? மாடலின் முடிவை ஆய்வகத்திலோ நோயாளியின் ஸ்கேனிலோ ஒப்பிட்டுப் பார்க்க வசதி உண்டா? இரண்டாவதற்கு இல்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.