வாசகர் கேள்வி – பதில்: மணி அடித்தால் மட்டும் போதுமா?

நடப்பவரும் சைக்கிளோட்டியும் மின்ஸ்கூட்டர் ஓட்டுநரும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்வது பற்றி சிங்கப்பூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: தெம்பனிசில் தினமும் சைக்கிளில் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போகிறேன். பின்னாலிருந்து மணி அடித்தால், முன்னால் நடப்பவர் ஒதுங்குவதற்குப் பதில் நேராக என் வழியிலேயே வந்துவிடுகிறார். ஏன் இப்படி?

நீங்கள் மணி அடிப்பது தாமதமாகிறது என்பதே முதல் காரணமாக இருக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு விநாடியில் ஐந்தரை மீட்டர் நகரும். நடப்பவர் அதே விநாடியில் ஒன்றேகால் மீட்டர் நடப்பார். நீங்கள் மூன்று மீட்டர் பின்னால் வந்து மணி அடித்தால், அவருக்குக் கிடைப்பது முக்கால் விநாடிகூட இல்லை. அதற்குள் அவர் ஒலியைக் கேட்டு, அது எந்தப் பக்கம் என்று உணர்ந்து, காலை நகர்த்த வேண்டும். திடுக்கிட்டுத் துள்ளத்தான் நேரமிருக்கும்.

இரண்டாவது காரணம் உடம்பின் இயல்பு. பின்னால் கேட்கும் மணி எந்தப் பக்கமாகக் கடக்கப்போகிறது என்று காதால் மட்டும் சட்டென்று பிடிபடாது. திரும்பிப் பார்க்கத் தலையை வலப்பக்கம் திருப்பினால், தோளும் அதோடு சேர்ந்து திரும்பும், காலும் அரையடி வலப்பக்கம் விலகும். நீங்கள் முந்த நினைத்ததும் அதே வலப்பக்கம்தானே!

ஆகவே 15 மீட்டர் தூரத்திலேயே, அதாவது பேருந்து ஒன்றின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலான இடைவெளியில், மெதுவாக ஒருமுறை மணி அடியுங்கள். அடித்த கையோடு பிரேக்கில் விரல் வையுங்கள். அவர் தலை அசைகிறதா, இடப்பக்கம் நகர்கிறாரா என்று பாருங்கள். அசைவே இல்லை என்றால் காதில் இயர்போன் மாட்டியிருக்கலாம், காது கேளாதவராகவும் இருக்கலாம். வேகத்தை நடைவேகத்துக்குக் குறைத்து, “வலப்பக்கமா போறேன் அங்கிள்” என்று வாயால் சொல்லிவிட்டு, ஒரு மீட்டராவது இடைவெளி விட்டுக் கடந்து போங்கள். அந்த இடைவெளி இல்லையென்றால் பின்னாலேயே காத்திருக்க வேண்டியதுதான். மணி ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். எல்லாப் பாதைகளிலும் நடப்பவருக்கே முன்னுரிமை. தொடர்ந்து மணியடித்து ஆளை விரட்டுவதைப் போல ஆபத்தானது வேறில்லை.

கேள்வி: பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கம் சிவப்புப் பாதையும் சாம்பல் நிறப் பாதையும் அருகருகே இருக்கின்றன. எதில் யார் போகலாம்?

சாம்பல் நிறத்தில் இருப்பது நடைபாதை. தனியே செல்லும் நடைபாதையில் சாதாரண சைக்கிள் போகலாம்; உச்சவரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். 2019 பிப்ரவரிக்கு முன்பு அது 15ஆக இருந்தது. மின்ஸ்கூட்டரும் மின்சைக்கிளும் நடைபாதையில் ஓடக்கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம்.

சிவப்பு நிறத்தில் இருப்பது சைக்கிள் பாதை. அங்கும் பூங்கா இணைப்புப் பாதைகளிலும் மூன்றுக்குமே இடமுண்டு, உச்சவரம்பு 25. சாலையில் போக மின்ஸ்கூட்டருக்கு அனுமதியே கிடையாது.

உங்கள் புளோக்கில் இருப்பதுபோல இரண்டும் ஒட்டியிருந்தால், 2025 ஜூலை 1 முதல் சட்டம் இன்னும் கண்டிப்பானது. சைக்கிள் பாதையை ஒட்டி, நடப்பவருக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட பாதையில் சைக்கிளையும் ஓட்டக்கூடாது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். நடப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பக்கத்திலேயே உங்களுக்கென்று பாதை இருக்கும்போது சிவப்பில் நடக்காதீர்கள், அதிலும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு.

கேள்வி: 10 கிலோமீட்டர், 25 கிலோமீட்டர்... அப்படியென்ன பெரிய வித்தியாசம்? இரண்டும் காரைவிட மெதுவானவைதானே?

நிறைய வித்தியாசம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 10இல் போனால் அதற்குள் நான்கு மீட்டர் நகர்ந்திருப்பீர்கள். பிடித்தபின் வண்டி நிற்க இன்னொரு மீட்டர். மொத்தம் ஐந்து. 25இல் போனால் பிரேக்கைப் பிடிப்பதற்கு முன்பே பத்து மீட்டர் போய்விடும், நிற்க இன்னும் ஆறு மீட்டர் வேண்டும். ஈரத் தரையில் அந்த ஆறு பன்னிரண்டாகும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தூணுக்குப் பின்னாலிருந்தோ மின்தூக்கிக் கூடத்திலிருந்தோ ஒரு குழந்தை ஓடிவந்தால், உங்கள் கண்ணில் படும்போது இடைவெளி நான்கைந்து மீட்டர்தான் இருக்கும். மோதினால் அடியின் வலுவும் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். இரண்டரை மடங்கு வேகம் என்றால் ஆறு மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல். முதியவர் விழும்போது தலை தரையில் மோதுவது தனி அபாயம். 2019 செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டருடன் மோதிய 65 வயது சைக்கிளோட்டி ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையில் தடை செய்யப்பட்டன.

ஆகவே 25 என்பது உச்சவரம்பு மட்டுமே. எப்போதும் அந்த வேகத்தில் போக வேண்டும் என்று பொருளல்ல. பேருந்து நிறுத்தம், புளோக் மூலை, சரிவின் அடிவாரம், பள்ளி விடும் நேரம், இங்கெல்லாம் நடைவேகம்தான் சரி. பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். அங் மோ கியோவில் சைக்கிள் பாதையை நிறுத்தத்துக்குப் பின்னால் வளைத்துக் கொண்டுபோயிருப்பதும் இதற்காகத்தான். சாலையைக் கடக்கும் இடத்தில் பச்சை விளக்கு எரிந்தாலும் நின்று, திரும்பும் கார்களைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கடக்க வேண்டும். திரும்பும் ஓட்டுநர் நடைவேகத்தில் வருபவரைத்தான் எதிர்பார்த்துக் கண்ணை ஓட்டுவார்.

கேள்வி: நாயையும் சின்னப் பையனையும் கூட்டிக்கொண்டு மாலையில் நடக்கிறேன். நான் என்ன கவனிக்க வேண்டும்?

பையனை உங்கள் இடக்கைப் பக்கம், பாதையின் ஓரத்தில் நடக்கவிடுங்கள். நாயும் அதே பக்கம். நீண்டு சுருங்கும் கயிறு என்றால் ஒரு மீட்டரில் பூட்டிவிடுங்கள். நாய் ஒரு பக்கமும் நீங்கள் மறுபக்கமும் நின்றால், இருட்டில் அந்த மெல்லிய கயிறு சைக்கிளோட்டி கண்ணுக்குத் தெரியாது. மணி கேட்டால் குதிக்காமல், போகும் திசையிலேயே சீராக நடங்கள். உங்கள் அடுத்த அடி எங்கே விழும் என்று பின்னால் வருபவர் கணித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: பழைய மின்ஸ்கூட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கையில் அளவுநாடாவும், பயணப்பெட்டி எடைபோடும் தொங்கு தராசும் கொண்டு போங்கள். எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. கைப்பிடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 70 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடுதல் மின்கலம் பொருத்தியிருந்தால் எடையே காட்டிக்கொடுத்துவிடும். யுஎல்2272 தீப் பாதுகாப்புத் தரச் சான்று இருக்கிறதா, நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவானதா என்று பாருங்கள். பதிவு உங்கள் பெயருக்கு மாறாமல் பணம் கொடுக்காதீர்கள். ஓட்டுவதற்கு முன் கோட்பாட்டுத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும்.

வேகவரம்பைத் திறந்துவிட்டிருக்கிறோம் என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். மின்கலத்தை வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்தும், இரவு முழுக்க விட்டும் மின்னேற்றாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும்.

கேள்வி: பொங்கோலில் மழைக்குப் பின் மின்ஸ்கூட்டரில் போகும்போது சின்ன விளிம்பில்கூட விழுந்துவிடுகிறேன். சைக்கிளில் இப்படி ஆனதில்லையே?

சக்கரத்தின் அளவுதான் காரணம். எட்டு அங்குலச் சக்கரத்தின் ஆரம் சுமார் பத்து சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் விளிம்பு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெரிய சைக்கிள் சக்கரத்துக்கு அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சைக்கிள் ஏறிப்போகும் இடத்தில் ஸ்கூட்டர் முட்டி நிற்கும், நின்றபடி ஓட்டுபவர் முன்னால் தூக்கியெறியப்படுவார்.

விளிம்பை எப்போதும் நேர்செங்குத்தாகச் சந்தியுங்கள். சாய்வாக ஏறினால் சக்கரம் விளிம்போடு வழுக்கிக்கொண்டே போகும். முழங்காலைச் சற்று மடக்கி, எடையைப் பின்காலுக்கு மாற்றுங்கள். வடிகால் மூடியின் இரும்புக் கம்பிகள், பார்வையற்றவர்களுக்காகப் பதித்த புடைப்புத் தரை, உதிர்ந்த ஈர இலைகள், இவற்றின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், வண்டியைத் திருப்பவும் வேண்டாம். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நேராக உருண்டு கடந்துவிடுங்கள். பிரேக் பிடித்தால் பின்பக்கப் பிரேக்கை முதலில் இழுத்து, அரை நொடி கழித்து முன்பக்கப் பிரேக்கைப் படிப்படியாகச் சேருங்கள். பிடியை முழுதாக இழுத்தும் அதற்கும் கைப்பிடிக்கும் இடையில் இரண்டு விரல் போகும் இடைவெளி இல்லையென்றால் கம்பி தளர்ந்திருக்கிறது. சரிசெய்யும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.